சுவரில் மாட்டியிருந்த பதினைந்து நிமிடம்

மார்ச் 3, திங்கள்

புது மிஷின் வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் போதுமாம், ஆளைத் தெரிந்துகொண்டு நேரத்தைப் பதிந்துவிடுமாம். இந்தப் பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நானூறு பேரின் முகமும் பேரும் டோக்கன் நம்பரும் எனக்கு மனப்பாடம். என்னைப் பார்த்து எவரும் அதிசயப்பட்டதில்லை. ஒரு டப்பாவைச் சுற்றி நின்று கை தட்டுகிறார்கள்!

முதலில் என்னைத்தான் அதன் முன்னால் நிறுத்தினார்கள். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. கண்ணாடியைக் கழற்றினேன். மறுபடியும் அதையே சொன்னது. தையல் லைன் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செக்கிங் மரகதம் மட்டும், "அண்ணன் சிரிச்சாத்தானுங் அதுக்கு அடையாளம் தெரியும். சிரிச்சுத்தான் காட்டுங்களே" என்றாள். சிரிக்கவில்லை. நான்காவது தடவை தானாகவே எடுத்துக்கொண்டது.

புரொடக்‌ஷன் மேனேஜர் நவநீதன் கணக்கை விளக்கினார். செக்‌ஷன் கதவைத் தாண்டினாலே மிஷின் குறித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு அரைமணி, டீக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம். ஒரு நாளில் இதற்கு மேல் இருபது நிமிடம் தாண்டினால் அரைநாள் லீவு, அதுவாகவே போட்டுவிடும். நல்லதுதான், நேரம் என்றால் நேரம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. அது எனக்குப் பெருமை.

நல்ல தண்ணீர் வந்தது. ஒன்பது குடம் பிடித்தோம்.

மார்ச் 4, செவ்வாய்

எல்லோருடைய நேரக் கார்டும் செருகியிருந்த பழைய ரேக்கைக் கழற்றினார்கள். அத்தனை வருஷம் அதன் பின்னால் இருந்த சுவர் வேறு நிறத்தில் இருக்கிறது. அங்கே தூசி படிந்து நாலைந்து போர்டுகள், எல்லாம் சட்ட அறிவிப்புகள். ஆடிட் வரும்போது ரேக்கை ஓரம் தள்ளுவோம், ஆடிட்டர் போனதும் பழையபடி இழுத்துவிடுவோம். சுத்தம் செய்ய வேண்டும்.

ரெக்கார்ட் ரூமில் இருக்கும் பழைய கார்டு மூட்டைகளை மாதக் கடைசிக்குள் பிரித்துப் பழைய பேப்பருக்குப் போட வேண்டுமாம். அதுவும் என் தலையில்தான்.

மார்ச் 5, புதன்

பிரசவத்துக்குப் போயிருந்த சுகந்தி இன்று வேலைக்குத் திரும்பினாள். டோக்கன் 212, நாலாவது லைன், ஓவர்லாக் மிஷின். குழந்தைக்கு ஆறரை மாதம், பெண். தன்விகாவாம். எங்கிருந்துதான் பிடிக்கிறார்களோ இந்தப் பேர்களை.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். "பிள்ளை ரூம்ல உடறதுக்கு யாருகிட்டங்ணா எழுதிக் குடுக்கோணும்?" என்றாள். அந்தக் குட்டி என் பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வேறு பேனா எடுத்துத்தான் எழுதினேன். போகும்போது வாங்கிக்கொள்ளவும் மறந்துவிட்டேன். நல்ல பேனா அது.

மார்ச் 6, வியாழன்

மிஷின் கொடுத்த முதல் பட்டியலில் ஒரே ஒரு பேர்தான் சிவப்பு. 212, சுகந்தி. இருபத்திரண்டு நிமிடம் அதிகம், அரைநாள் லீவு.

கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளை ரூம் கோடவுனுக்குப் பின்னால் இருக்கிறது. போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம். "டீக்கு உடறப்பத்தானுங்ணா ஓடறேன். குடிச்சு முடிக்கக் கால்மணி ஆகுது. பாதியில புடுங்குனா அழுவுதுங்" என்றாள். பாட்டிலில் கொடுக்கலாமே என்றேன். பாட்டிலைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறதாம், ஸ்பூனில் கொடுத்தால் துப்புகிறதாம். மற்றபடி சாதம் மசித்துக் கொடுத்தால் இரண்டு வாய்.

கணக்குச் சரிதான். ஒரு தடவைக்கு இருபத்தோரு நிமிடம், டீ நேரம் பத்துப் போகப் பதினொன்று. இரண்டு தடவைக்கு இருபத்திரண்டு. மிஷின் பொய் சொல்லவில்லை. "ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே வந்துரு அம்மிணி" என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் பேச்சோடு பேச்சாக மனைவி துளசிமணியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "எத்தன மாசம்?" என்றாள். ஆறரை என்றேன். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

212, அரைநாள். இருபத்திரண்டு நிமிடம்.

மார்ச் 8, சனி

212, அரைநாள். இருபத்தொன்று. ஓடியே வந்தாளாம். மூச்சு வாங்க மிஷின் முன்னால் நின்றால் அது முகத்தை எடுக்கவில்லை, "மீண்டும் முயற்சிக்கவும்" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறது. முன்னால் வந்த நிமிடம் அதிலேயே போய்விட்டது. சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. துப்பட்டாவை இழுத்து மறைத்துக்கொண்டு, "நாளான்னைக்கு சரியா வந்தர்றனுங்ணா" என்றாள். நான் குனிந்து ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு அரைநாள் ஆனால் மெமோ. மெமோவுக்குப் பிறகும் தொடர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். அது நவநீதன் போட்ட விதி. அவள் புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறான், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இவள் வேலை போனால் வீட்டு வாடகை கொடுக்க வழியில்லை.

இதையெல்லாம் நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்? என் வேலை நேரம் எழுதுவது.

மார்ச் 9, ஞாயிறு

மகள் மேகலை ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். வரும் மாதம் இருபத்து மூன்று முடிகிறது அவளுக்கு. "அப்பா, அம்மா ஏன் ஒரு மாதிரி பேசறாங்க? சண்டையா?" என்றாள். சண்டை எதுவும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாதா?

மார்ச் 11, செவ்வாய்

ரெக்கார்ட் ரூமில் மூட்டை பிரித்தேன். 2002ஆம் வருஷக் கட்டு. ஒரு கார்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று எழுத வேண்டியதில்லை.

இருமல். தூசி.

மார்ச் 12, புதன்

212, அரைநாள். ஐந்தாவது. திங்கட்கிழமை மட்டும்தான் தப்பித்தாள்.

சாயங்காலம் நாலாவது லைன் பெண்கள் எட்டுப் பேர் என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மரகதம்தான் தலைவி. ஒரு தாளை நீட்டினாள். எட்டுப் பேர், டோக்கன் நம்பர், கையெழுத்து. எழுதத் தெரியாத ஒருத்தி கட்டைவிரல் வைத்திருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"எங்க டீ நேரத்துல ஆளுக்கு ஒரு நிமிஷம் எடுத்து சுகந்தி பேருல போட்டுருங்ணா. எட்டுப் பேரு, ரெண்டு டீ, பதினாறு நிமிஷம் ஆச்சு. மிச்சம் ஆறுதான் வரும். மிஷின் ஒண்ணும் சொல்லாது பாருங்."

எனக்கு வந்ததே கோபம்! "நேரம் என்ன காப்பித்தூளா, கைமாத்துக் குடுக்கறதுக்கு? உன் நிமிஷம் உன் கார்டுல, அவ நிமிஷம் அவ கார்டுல. இருபத்தேழு வருஷத்துல இப்படியொரு கூத்தை நான் கேட்டதே இல்ல!" என்று சத்தம் போட்டேன்.

மரகதம் பயப்படுகிற ஆளா? "பேரே தெரியாதவங்களுக்கு ரத்தம் குடுக்கறாங்க. நாங்க ஒரு நிமிஷம் குடுக்கக் கூடாதுங்களா?" என்றாள். கட்டைவிரல் வைத்தவள் பின்னாலிருந்து மெல்ல, "எனக்கு ரெண்டு நிமிஷம் வேண்டாலும் எடுத்துக்குங்ணா. நான் டீ குடிக்கறதில்லீங்" என்றாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். தாளைக் கிழிக்கவில்லை, மடித்து மேஜைக்குள் வைத்திருக்கிறேன். டீ குடிக்காதவளுக்கும் பத்து நிமிடம் உட்கார வேண்டுமே, அதுகூடத் தெரியவில்லை இவர்களுக்கு.

மார்ச் 13, வியாழன்

ஆறாவது அரைநாள். மெமோ தயார் செய்து, டைம் கீப்பர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு, நாளை காலை மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும். டைப் அடித்தாயிற்று.

பேனா எடுத்தால் எழுதவில்லை. நல்ல பேனா தன்விகாவிடம் இருக்கிறது. வேறு பேனா தேட எழுந்தபோது சுவரில் இருந்த போர்டுகள் கண்ணில் பட்டன. பத்து நாளாகச் சுத்தம் செய்யவில்லை. துணியை நனைத்துத் துடைத்தேன். துடைத்தால் படிக்கத்தானே தோன்றும்? மூன்றாவது போர்டு பேறுகாலச் சட்டத்தின் சுருக்கம். நல்ல தமிழில், பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல், பால் கொடுக்க நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை. ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். போய்வர ஆகும் நேரம் தனி.

நின்றபடியே மூன்று தடவை படித்தேன். யாரும் யாருக்கும் நிமிடம் கொடுக்க வேண்டியதில்லை. அவளுடைய நிமிடம் அவளுக்கு இங்கேயே, என் நாற்காலிக்குப் பின்னாலேயே மாட்டியிருந்தது.

போர்டின் அடியில் மாட்டிய தேதி இருந்தது. என் கையெழுத்துதான். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். 2001, ஆகஸ்ட்.

மேகலை பிறந்தது 2002, ஏப்ரல்.

மெமோவில் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

போர்டைச் சுவரிலிருந்து கழற்றி மேனேஜர் ரூமுக்கு எடுத்துப் போனேன். வழியில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என்னங்க, போர்டைத் தூக்கிட்டு வர்றீங்க? மெமோ எங்க?" என்றார் நவநீதன்.

"மெமோ போட முடியாதுங்க. இதப் படிங்க."

படித்தார். "இதெல்லாம் ஆடிட்டுக்கு மாட்டறதுங்க, வெள்ளியங்கிரி சார்."

"மாட்டுனதே நான்தானுங்க."

அவர் கெட்டவர் இல்லை. ஏற்றுமதிக்குத் தேதி நெருங்குகிறது, மேலே இருந்து போன் மேல் போன். "ஒரு ஆளு நாப்பது நிமிஷம் எந்திரிச்சுப் போனா லைனே நின்னுரும், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நாலாவது லைன் போன வாரம் நின்ற நேரமெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. கரண்ட் போனதில் முப்பத்தைந்து நிமிடம். நூல் கோன் வராமல் ஐம்பது. "செவ்வாய்க்கெழமை நீங்க லைனை நிறுத்தி எல்லாரையும் திட்டுனீங்க பாருங்க, அது இருபத்தாறு நிமிஷங்க" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மெமோ போட்டே ஆகணும்னா என்ன செய்வீங்க?" என்றார்.

"போடலாமுங்க. இந்தச் சட்டம் தெரிஞ்சேதான் போடறோம்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. பைல்ல வச்சுக்கறேன்."

போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போர்டை இங்கயே வச்சுட்டுப் போங்க" என்றார். வெளியே வந்தேன். ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது இந்த வேலை தேவையா எனக்கு? தேவைதான்.

மார்ச் 15, சனி

மேனேஜர் கூப்பிடவில்லை. 212 நேற்றும் இன்றும் வேலைக்கு வரவில்லை. மரகதத்திடம் கேட்டேன். "பால் கட்டி காய்ச்சலுங்ணா. வேலைய உட்டுர்றதுன்னு அழுதுட்டு இருக்கறா" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று துளசியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

அவளும் இதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். மேகலை பிறந்து மூன்றாவது மாதமே திரும்பி வந்தாள். அப்போது பிள்ளை ரூம் கிடையாது. பதினோரு மணிக்கு அத்தை, துளசியின் அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் துளசி பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கார்டில் சிவப்பு மை. போட்டது நான். பொண்டாட்டிக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று மற்றவர்களை விட அவளுக்குக் கறாராகப் போட்டேன். ஐந்து மாதம் பார்த்தாள். பிறகு குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது பாலை நிறுத்திவிட்டு, வேலையையும் விட்டுவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

மூட்டையிலிருந்து எடுத்து வந்த கார்டை அவள் மடியில் வைத்தேன். டோக்கன் 118. கார்டு முழுக்கச் சிவப்பு. போர்டு பற்றியும் சொன்னேன்.

"அந்தப் போர்டு அப்பவே இருந்துச்சுங்களா?" என்றாள்.

"இருந்துச்சு. அதுக்கு முன்னால ரேக்கை நிறுத்துனதும் நான்தான்."

அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "மத்தியானத்துல செக்கிங் டேபிளுக்குப் பின்னால சுவத்தப் பாத்து நின்னு துணியில பீச்சி உட்டுட்டு இருந்தனுங்க. நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் உக்காந்திருந்தீங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னால்தான் உட்கார முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

கார்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. "இத மேகலைக்குக் காட்டோணும். உங்கப்பன் இத்தன சிவப்புப் போட்டும் நான் அஞ்சு மாசம் விடாம ஓடுனேன்னு சொல்லோணும்" என்றாள். பீரோவில் அவள் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பிறகு தோசை வார்த்தாள். எனக்கு மொறுமொறுவென்று வார்த்தது இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் என்று சொன்னால் அடிப்பாள்.

மார்ச் 17, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு நவநீதன் என் ஜன்னலுக்கே வந்தார். கையில் போர்டு. "மாட்டிருங்க. ரேக் எதையும் முன்னால வைக்காதீங்க" என்றார். மிஷினில் இதற்குத் தனிக் கணக்குச் சேர்க்க அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் கையால் எழுத வேண்டும். "நோட்டு போட்டுக்கறனுங்க" என்றேன். போட்டிருந்த ஆறு அரைநாளையும் எடுத்துவிடச் சொன்னார். திரும்பிப் போகும்போது நின்று, "செவ்வாய்க்கெழமை நெசமாவே இருபத்தாறு நிமிஷமா?" என்றார்.

"இருபத்தாறுதானுங்க" என்றேன்.

சுகந்தி வீட்டுக்கு மரகதத்தை அனுப்பினேன். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் கொடுத்து, "உங்க நிமிஷத்த நீங்களே வச்சுக்குங்க. டீ குடிக்காத புள்ளையையும் உக்காந்து காலை நீட்டச் சொல்லு" என்றேன். மரகதம் என்னையே பார்த்தாள். "அண்ணன் சிரிக்கறாரு பாருங்கடி" என்று லைனுக்கே கேட்கும்படி கத்தினாள். பொய்.

மார்ச் 19, புதன்

சுகந்தி வந்தாள். காய்ச்சல் விட்டிருக்கிறது. புது நோட்டில் முதல் பேர் அவளுடையது.

எனக்குச் சாப்பாட்டுப் பை மறந்துபோய்விட்டது. மறந்ததே இல்லை. துளசி பத்தேகாலுக்கே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மேகலையைச் சுமந்து வந்த அத்தை நின்ற கேட்டில் நின்றாள். உள்ளே வரச் சொல்லி என் நாற்காலியில் உட்கார வைத்தேன். திரும்பி அந்தப் போர்டைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

பத்தரைக்குச் சுகந்தி செக்‌ஷன் கதவைத் தாண்டினாள். ஓடவில்லை, நடந்தே போனாள். துளசி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை ரூமிலிருந்து அழுகை கேட்டது, பிறகு நின்றது. துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சுகந்தி திரும்பி வந்து ஜன்னலில் என் பேனாவை வைத்தாள். "பாப்பா குடுத்துச்சுங்ணா" என்றாள். மூடி முழுக்கக் கடித்து வைத்திருக்கிறது அந்தக் குட்டி.

"எத்தன நேரம் ஆச்சுங்க?" என்றாள் துளசி.

"இருவத்திரண்டு நிமிஷம். போய்வர ஆறு, பாலுக்குப் பதினஞ்சு. ஒரு நிமிஷம் ஜாஸ்தி."

"என்னன்னு எழுதப் போறீங்க?"

போனது 10.30, வந்தது 10.51 என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். கடித்த பேனாதான். நன்றாக எழுதுகிறது.